முப்பதுக்குப் பிறகு சட்டக் கல்லூரி

பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்ச் சில ஆண்டுகள் கழிந்த பிறகு, தொழிலையே மாற்றிக்கொள்ள மறுபடியும் கல்லூரிக்குப் போக நினைப்பவருக்கு இந்தியாவில் வழிகள் குறைவு. மருத்துவம் வேண்டுமென்றால் உயிரியல் படித்திருக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீட் எழுத வேண்டும். அந்தத் தேர்வுக்கு இருந்த வயது உச்சவரம்பே 2022இல்தான் நீங்கியது. ஆசிரியராவதற்கு பி.எட். உண்டு. ஆனால் அது 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. அதைப் படித்தாலும் பெரும்பாலும் முன்பு படித்த பாடத்தைத்தான் கற்பிக்க முடியும். எம்.பி.ஏ. இருக்கிற பாதையிலேயே ஒரு படி ஏறுவதற்கானது. மூன்றாண்டு எல்எல்.பி. மட்டும்தான் எந்தப் பட்டத்தோடு வந்தாலும் ஏற்றுக்கொள்கிறது, என்ன படித்தாய் என்று கேட்பதில்லை, முடிவில் முற்றிலும் வேறொரு தொழிலுக்கான உரிமத்தைத் தருகிறது. தாவரவியல் படித்தவரும், கணினிப் பொறியாளரும், வரலாற்றில் முதுகலை முடித்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பத்தாண்டு இருந்தவரும் அங்கே ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

இப்படிப் பிந்தி வருவது ஏதோ புதுப் பழக்கம்போல இன்று பேசப்படுகிறது. சட்டப் படிப்பு இந்தியாவில் தொடக்கம் முதலே இரண்டாம் பட்டமாகத்தான் இருந்தது. சென்னையில் 1850களில் மாநிலக் கல்லூரியோடு ஒட்டித் தொடங்கிய சட்ட வகுப்புகள் 1891இல் தனிக் கல்லூரியாயின; உயர்நீதிமன்றத்தின் பக்கத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவப்புக் கட்டடம் 1899இல் எழுந்தது. பி.ஏ. முடித்த பிறகு பி.எல். என்பதே வழக்கம். பள்ளியில் வாத்தியாராகவோ கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாகவோ சில காலம் இருந்துவிட்டு, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சட்டம் படிக்க வந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். சென்னை உயர்நீதிமன்றத்தில் 1877இல் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியரான தி. முத்துசாமி ஐயர் சிறுவயதில் தாலுகா அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்தவர். பிறகு முன்சீப் ஆனார். சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே பி.எல். பட்டம் பெற்றார். வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர் மாணவராகவும் இருந்தார் என்பதில் அன்று யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை.

மாற்றம் 1980களில் வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஐந்தாண்டு சட்டப் படிப்பு என்ற முறையை இந்திய பார் கவுன்சில் கொண்டுவந்தது. 1988இல் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் வகுப்புகள் தொடங்கியபின் அந்த முறைக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கப் போவதும், பெற்றோர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் அந்தப் படிப்பைத்தான். மூன்றாண்டுப் படிப்பு பக்கத்து வாசலாகிப்போனது. வேறு எதுவும் கிடைக்காதவர்கள் வருவது, அரசியல்வாதிகள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வாங்குவது என்று அதன்மீது பேச்சு உண்டு. மூன்றாண்டுப் படிப்பையே எடுத்துவிடலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழுந்திருக்கிறது. ஆனால் அதே பெங்களூரு பள்ளி 2022இல் மூன்றாண்டு ஆனர்ஸ் படிப்பைத் தொடங்கியது. பட்டதாரிகளை வெளியே நிறுத்தி வைப்பதில் லாபமில்லை என்று அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பொறியியல் பட்டதாரிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1984இல் தொடங்கிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் முப்பது ஆண்டுகளுக்குள் ஐந்நூறைத் தாண்டின. 2006இல் மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. ஊர்களிலிருந்து பிள்ளைகள் பொறியியலுக்குத் திரண்டார்கள். பல வீடுகளில் அது விருப்பப் பாடமே அல்ல. ஊர் முழுக்கப் போன திசை அது. படித்து முடித்து, கிடைத்த வேலையில் நாலைந்து ஆண்டு இருந்து, அது தங்களுக்கானதல்ல என்று தெரிந்துகொண்டவர்கள் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்குகிறார்கள். இவர்களுக்கு அடுத்தபடி காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள், வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், பத்திரிகையாளர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தங்களுக்கென்று நேரம் கிடைத்த பெண்கள். கடைசியாகச் சொன்னவர்களில் சிலர் குடும்ப நீதிமன்றத்தில் தங்கள் வழக்குக்காகவே அலைந்து, அந்த அலைச்சலிலேயே பாதிச் சட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள்.

சேர்க்கைக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப் படிப்பில் 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம். அதற்கு மேல் மதிப்பெண் வரிசை, 69 சதவீத இடஒதுக்கீடு. ஆந்திரா, தெலங்கானா, கேரளம், மகாராஷ்டிரம் எல்லாம் தேர்வு வைக்கின்றன. தேர்வு இல்லாதது கிராமத்து மாணவர்களுக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிந்தி வருபவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இருபது வயதில், பிடிக்காத பாடத்தை, அரியர் வைத்து அரியர் வைத்து முடித்தவரின் மதிப்பெண் முப்பத்தைந்து வயதிலும் அவரைத் தொடர்ந்து வருகிறது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டில் அவர் படித்ததும் பார்த்ததும் கணக்கில் வருவதில்லை. இயந்திரப் பொறியியலில் 62 சதவீதமும் தமிழ் இலக்கியத்தில் 62 சதவீதமும் ஒரே எடையாகக் கருதப்படுவது இன்னொரு விசித்திரம்.

இடம் கிடைத்துவிட்டால் அடுத்த கேள்வி வேலையை விடுவதா வேண்டாமா என்பது. உண்மையில் இந்தப் படிப்பின் நெருக்கடி இங்கேதான் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளின்படி வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு, பருவத்துக்குக் குறைந்தது 15 வாரம். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். தக்க காரணம் இருந்தால் 65 வரை தளர்த்தலாம். வகுப்புகள் காலை 8 மணியிலிருந்து இரவு 7 மணிக்குள் நடந்துவிட வேண்டும். ஒரு காலத்தில் அலுவலகம் முடிந்து குமாஸ்தாக்கள் போய்ப் படித்த மாலைக் கல்லூரிக்கு இந்த நேரக் கணக்கில் இடமில்லை. அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ படித்த சட்டப் பட்டத்தைக் கொண்டு வக்கீலாகவும் முடியாது. படிப்புக் காலத்தில் 12 வாரப் பயிற்சியும் உண்டு. ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பேடு எழுத வேண்டும்.

விதி இப்படியிருக்க, மாதச் சம்பளத்தை விட முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். வருகைப் பதிவில் கண்டிப்பில்லாத கல்லூரியைத் தேடி மாநில எல்லையைத் தாண்டினார்கள். பணம் கட்டிவிட்டுத் தேர்வுக்கு மட்டும் ரயிலேறிப் போய் எழுதிவிட்டு வந்த பட்டங்கள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலம் கேலிப் பொருளாக இருந்தன. அந்தக் கேலி ஒழுங்காக வகுப்புக்குப் போய்ப் படித்த நாற்பது வயதுக்காரர்மீதும் விழுகிறது. தலையில் நரை தெரிந்தால் எந்த ஊர்க் கல்லூரி என்று கேட்காதவர் இல்லை. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கைரேகை வருகைப்பதிவு, கண்காணிப்புக் கேமரா, படிக்கும்போதே வேறு வேலையிலோ வேறு வழக்கமான படிப்பிலோ இருக்கிறாரா என்று மாணவரிடம் உறுதிமொழி. முறைகேட்டைத் தடுக்க இவை தேவைப்படலாம். ஆனால் முறைகேட்டின் வேர் ஆட்களின் நாணயக் குறைவு மட்டுமல்ல. பகலில் வேலை செய்து சாப்பிட வேண்டியவருக்கு நேர்மையாகப் படிக்க ஒரு நேரத்தை ஒதுக்காத அமைப்பு, பொய்யைத்தான் வளர்க்கும். மாலைக் கல்லூரியை மூடியவர்கள் அதற்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை.

சென்னையில் இடமும் ஒரு பிரச்சினையாகிவிட்டது. நூறாண்டுக்கு மேல் உயர்நீதிமன்றத்தின் பக்கத்திலேயே இருந்த கல்லூரி 2018இல் இரண்டாகப் பிரிந்து, நகருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போனது. பழைய இடத்தில் படித்தவர் சும்மா நடந்து போய்த் தலைமை நீதிபதியின் முதல் பெஞ்சில் நடக்கும் வாதத்தைக் கேட்டுவிட்டு வரலாம். சீனியர் ஒருவரின் அறையில் மாலை உட்காரலாம். அப்படியே ஒரு வருமானத்துக்கும் வழி பார்த்துக்கொள்ளலாம். புதுப்பாக்கத்திலிருந்து உயர்நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைக்கு வந்து சேருவதற்குள் கோர்ட்டு எழுந்துவிடும். இருபது வயது மாணவருக்கு இது அசௌகரியம். குடும்பத்தோடு நகரத்தில் இருந்துகொண்டு, ஒவ்வொரு மணி நேரத்தையும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் மாணவருக்கு இது படிப்பின் விலையையே உயர்த்திவிடுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, அரசுச் சட்டக் கல்லூரிக் கட்டணம் யாரையும் தடுக்கும் அளவுக்கு இல்லை. செலவு என்பது மூன்றாண்டுச் சம்பள இழப்புதான். உதவித் திட்டங்கள் எல்லாம் முதல் பட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முதல் பட்டதாரிச் சலுகை பெயரிலேயே அதைச் சொல்லிவிடுகிறது. மத்திய அரசின் கல்விக்கடன் வட்டி மானியம் ஒருவருக்கு ஒரு முறைதான். பொறியியலுக்கு வாங்கியிருந்தால் சட்டத்துக்குக் கிடைக்காது. வருமான வரிச் சட்டத்தில், தன் படிப்புக்காகத் தானே வாங்கிய கடனின் வட்டியை எட்டாண்டு வரை கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வசதி உண்டு. ஆனால் படிக்கிற மூன்றாண்டில் கழிப்பதற்கு வருமானம் வேண்டுமே.

வயதைப் பற்றிய சண்டை நீண்டது, சில இடங்களில் வேடிக்கையானதும்கூட. 1993இல் பார் கவுன்சில் 45 வயது முடிந்தவர்களை வழக்கறிஞராகப் பதிவுசெய்யக் கூடாது என்று ஒரு விதி போட்டது. அரசு வேலையில் ஓய்வு பெற்று, பழைய செல்வாக்கோடு கோர்ட்டுக்கு வருகிறவர்களால் தொழிலின் தரம் கெடுகிறது என்பது அதன் பின்னாலிருந்த எண்ணம். 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. சட்டம் குறைந்தபட்ச வயதாக 21ஐ மட்டும்தான் சொல்கிறது. உச்சவரம்பு வைக்கும் அதிகாரம் கவுன்சிலுக்குக் கொடுக்கப்படவில்லை. தவிர, இளம் வயதிலேயே பதிவுசெய்துவிட்டு வேறு வேலைக்குப் போய், ஐம்பதில் திரும்பி வந்து தொழிலைத் தொடங்குபவரை அந்த விதி தடுக்கவில்லை. அனுபவமில்லாத ஐம்பது வயதுக்காரர்கள் இருவரில் ஒருவருக்கு வாசல் திறந்தும் இன்னொருவருக்கு மூடியும் இருந்தது.

பதிவில் முடியாததைச் சேர்க்கையில் செய்து பார்த்தார்கள். 2008 விதிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது, ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வயது என்று உச்சவரம்பு வந்தது. வழக்குகளுக்குப் பிறகு 2013இல் கவுன்சிலே அதை விலக்கிக்கொண்டது. அப்படி விலக்கியது செல்லாது என்று 2015இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2016இல் வரம்பு மீண்டும் அமலுக்கு வந்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்த இழுபறியில் ஒரு கல்வியாண்டு விண்ணப்பிக்கலாம், அடுத்த ஆண்டு முடியாது, அதற்கடுத்த ஆண்டு மறுபடி முடியும் என்ற நிலையில் பலர் காத்திருந்தார்கள். முப்பத்தொரு வயதில் காத்திருப்பது வேறு, பதினெட்டு வயதில் காத்திருப்பது வேறு. வக்கீல் தொழிலுக்கு ஓய்வு வயது கிடையாது. எண்பது வயதில் எழுந்து வாதாடுகிறவர்களை மரியாதையோடு பார்க்கும் ஒரு தொழில், முப்பத்தொரு வயது மாணவரை முதியவர் என்று சொல்லித் தடுக்க நினைத்தது விளங்கிக்கொள்ளக் கடினமானது.

முந்தைய தொழிலைப் பற்றிய விதி இன்னும் கறாரானது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சிலின் 49ஆம் விதி சொல்கிறது. சம்பளம் இல்லாத சொந்தத் தொழிலுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி ஒரு மருத்துவர் மூலமாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மும்பையில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த டாக்டர் ஹனிராஜ் சுலானி சட்டப் பட்டம் பெற்று, மருத்துவத்தையும் விடாமல் வழக்கறிஞராகப் பதிவு கேட்டார். மகாராஷ்டிர பார் கவுன்சில் மறுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பு சரியே என்றது. கட்சிக்காரர் நீதிமன்றத்திலும் நோயாளி அறுவை மேசையிலும் ஒரே நேரத்தில் காத்திருந்தால் அவர் எங்கே போவார் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இதன் விளைவாக, தொழில் மாறுகிறவர் பாதிக் காலை ஊன்றி நின்று பார்க்க முடியாது. பழையதை முழுக்க விட்ட பிறகுதான் புதியது தனக்கு வருமா என்று தெரியும். படிப்புக் காலத்தில் ரகசியமாகவாவது வேலையைத் தொடர்ந்தவர்கள்கூட என்ரோல்மென்ட் நாளுக்கு முன்பு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பதிவுக்கே முன்பு பெருந்தொகை ஆனது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் சொல்லும் கட்டணம் மாநில கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150, ஆக 750 ரூபாய்; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பல மாநிலங்களில் நல நிதி, நூலக நிதி, சரிபார்ப்பு என்று பெயர்பெயராகச் சேர்த்து 15,000 முதல் 42,000 ரூபாய் வரை வாங்கினார்கள். சட்டத்தைக் காக்கும் தொழிலுக்குள் நுழையவே சட்டத்தை மீறிய கட்டணம். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். 2010இல் கொண்டுவரப்பட்ட இந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. குறிப்பெழுதாத சட்டப் புத்தகங்களை உள்ளே எடுத்துப்போகலாம் என்பதால் வேலையிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய தடையல்ல. மனப்பாடத்தில் இளையவர்களோடு போட்டியிட வேண்டிய கல்லூரிப் பருவத் தேர்வுகள்தாம் அவர்களைப் படுத்துபவை. அதிலும் 2024 ஜூலை 1 முதல் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது; குற்ற விசாரணை முறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் உடன் மாறின. நானூற்றிருபது இப்போது 318(4), முந்நூற்றிரண்டு 103. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள சீனியரும் புதிய புத்தகத்தைப் புரட்டித்தான் பிரிவைத் தேடினார். பிந்தி வந்தவர்களுக்கு அந்தச் சில மாதங்கள் மட்டும் ஒரு சமநிலை கிடைத்தது.

கவுன் போட்ட பிறகு வரும் ஆண்டுகள்தாம் அதிகம் பேரை வடிகட்டுகின்றன. ஜூனியர் என்றால் காலையில் கட்டு எடுத்து வைப்பது, வாய்தா வாங்குவது, நகல் மனுப் போடுவது, பெஞ்சு கிளார்க்கிடம் நல்ல பெயர் எடுப்பது. முப்பத்தாறு வயதுக்காரருக்குச் சீனியராக அமைபவர் சில சமயம் அவரைவிட வயதில் இளையவர். பத்துப் பேரை நிர்வகித்த ஆள், மாலையில் சீனியரின் அறையில் கட்சிக்காரருக்கு நாற்காலி நகர்த்திப் போடுகிறார். இந்தக் கூச்சத்தைத் தாண்டிவிடலாம்; மாத இறுதியைத் தாண்டுவது கடினம். ஜூனியருக்குச் சம்பளம் என்ற வழக்கமே நெடுநாள் இல்லை. கற்றுக்கொடுப்பதே கூலி என்றார்கள். 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவையொட்டித் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குத் தர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கையைப் படித்துச் சிரித்த சீனியர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கே மாவட்ட நீதிமன்றத்தில் அவ்வளவு மிஞ்சுவதில்லை என்பதும் பொய்யல்ல. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றோடு இந்த ஆண்டுகளைக் கடக்க, வேலைக்குப் போகும் கணவனோ மனைவியோ, சொந்த வீடோ, ஓய்வூதியமோ வேண்டியிருக்கிறது. துணிச்சல் உள்ளவர்கள் தொழில் மாறுகிறார்கள் என்று சொல்வது வழக்கம். யார் நிலைத்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் பின்னால் ஒரு வருமானம் இருந்தவர்கள்தாம்.

நிலைத்தவர்களைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. வாசலில் விட்டுவிட்டு வரச்சொன்ன பழைய தொழிலைக் கொண்டுதான் அவர்களில் பலர் பிழைக்கிறார்கள். வருவாய்த்துறையில் இருந்து வந்தவரிடம் சொத்து வழக்குக்காரர்கள் தேடி வருவார்கள். 1980களின் யு.டி.ஆர். நில அளவையில் பெயர் எப்படி மாறியது, பழைய அ பதிவேட்டுக்கும் இன்றைய சிட்டாவுக்கும் எங்கே முரண்பாடு வரும், உட்பிரிவு எண் எந்தக் கட்டத்தில் பிசகும் என்பதைச் சட்டப் புத்தகத்திலிருந்து கற்க முடியாது. காவல்துறையிலிருந்து வந்தவர் சாட்சியின் வாக்குமூலம் ஸ்டேஷனில் எப்படி எழுதப்படும் என்று அறிந்தவர். குறுக்கு விசாரணையில் எந்த வரியைத் தொட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னபின், நோயாளியின் கோப்பைப் படிக்கத் தெரிந்த வக்கீலுக்குத் தேவை கூடியது. மருத்துவத்தை விட்டு வந்தவருக்கும், ஓய்வு பெற்ற செவிலியருக்கும் அங்கே இடமிருக்கிறது. பொறியாளர்களுக்குக் காப்புரிமை. காப்புரிமை முகவராவதற்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் ஒரு தேர்வும் போதும், சட்டப் பட்டம் தேவையில்லை. ஆனால் நீதிமன்றத்தில் நின்று வாதாட அது வேண்டும். சென்னையில் கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு வழக்குகள் உயர்நீதிமன்றங்களுக்கு வந்துவிட்டன. சென்னை உயர்நீதிமன்றத்தில் அதற்கெனத் தனிப்பிரிவும் உருவாகிவிட்டது. இரண்டு பட்டமும் உள்ளவர்களை இந்தத் துறையில் யாரும் வயது கேட்பதில்லை.

பணத்துக்காக அல்லாமல் வந்தவர்களின் வரிசையும் ஒன்று உண்டு. கே. பாலகோபால் வாரங்கலில் காகதீயப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். 1985இல் அந்த வேலையை விட்டார், மனித உரிமைப் பணியில் ஊர் ஊராக உண்மையறியும் குழுக்களோடு திரிந்தார், 1998இல்தான் வழக்கறிஞரானார். 2009இல் இறக்கும்வரை ஆந்திர உயர்நீதிமன்றத்தில் நிலம், பழங்குடியினர் உரிமை, மோதல் சாவுகள் குறித்து வழக்காடினார். சுதா பரத்வாஜ் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணிதம் படித்து 1984இல் வெளியே வந்தவர். சத்தீஸ்கரில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தோடு பல ஆண்டு வேலை செய்த பிறகு, 2000இல் சட்டப் பட்டம் பெற்றார். சங்கத்தின் வழக்குகளுக்கு நம்பகமான வக்கீல் கிடைக்காததால் சங்கத்துக்காரரே வக்கீலாக வேண்டியிருந்தது. இருவருக்கும் சட்டம் புதுத் தொழில் என்பதைவிட, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்குக் கிடைத்த கருவி என்று சொல்வது பொருந்தும். பிந்தி வந்ததால் எந்த வழக்கை எடுக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் கவுன் போடுகிறவருக்கு அந்தத் தெளிவு வர அநேகமாகப் பத்தாண்டு ஆகும்.

மொழியும் இடத்தைத் தீர்மானிக்கிறது. அரசியல் சாசனத்தின் 348ஆம் உறுப்பின்படி உயர்நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் சாட்சி சொல்லலாம், வாதாடலாம், தீர்ப்பும் எழுதலாம். தமிழ்வழியில் படித்து, இருபது ஆண்டு தமிழிலேயே கோப்பு எழுதிய அரசு ஊழியர் மாவட்டத்திலும் தாலுகாவிலும் தொழிலைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். அவருக்கு அங்கே இன்னொரு வசதியும் கிடைக்கிறது. ஊருக்குள் அவரை ஏற்கெனவே தெரியும். விளம்பரம் செய்யத் தடையுள்ள தொழிலில், இருபது ஆண்டு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து சம்பாதித்த பெயர், நல்லதானாலும் கெட்டதானாலும், முதல் கட்சிக்காரரைக் கொண்டுவந்துவிடுகிறது.

நீதிபதியாகும் எண்ணத்தோடு வருகிறவர்களுக்குக் கணக்கு அண்மையில் மாறிவிட்டது. சிவில் நீதிபதித் தேர்வெழுதக் குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மீண்டும் கொண்டுவந்தது. இந்த மூன்றாண்டு, பார் தேர்வில் தேறிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை; தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கு. நீதிபதியிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும். ஏற்கெனவே அறிவிக்கை வெளியான தேர்வுகளுக்குப் பொருந்தாது. நேரே கல்லூரியிலிருந்து வருகிறவருக்கு இது நல்ல பயிற்சி. முப்பத்திரண்டில் படிக்கச் சேர்ந்தவர் முப்பத்தைந்தில் பதிவுசெய்து, முப்பத்தெட்டில்தான் முதல் விண்ணப்பம் போட முடியும். இந்தத் தேர்வுக்கு வயது உச்சவரம்பும் இருக்கிறது. அவருக்கு மிஞ்சியிருப்பது மாவட்ட நீதிபதி நேரடி நியமனம். அதற்கு 233ஆம் உறுப்பு ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவம் கேட்கிறது. மேலே சொன்னவர் அந்தப் பட்டியலில் பெயர் கொடுக்கும்போது நாற்பத்திரண்டு வயது ஆகியிருக்கும். எதிரே போட்டியில் நிற்பவர்கள் இருபத்திமூன்று வயதிலிருந்தே கோர்ட்டில் நின்றவர்கள். 2025 அக்டோபரில் அரசியல் சாசன அமர்வு கீழமை நீதிபதிகளும் தங்கள் வழக்கறிஞர் காலத்தையும் பணிக்காலத்தையும் கூட்டி ஏழாண்டு காட்டி இந்த நியமனத்துக்குப் போட்டியிடலாம் என்று சொல்லிவிட்டதால், அந்த வரிசையில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.